சந்திர கிரகணம் பார்க்க 10×50 பைனாகுலர்: வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம். ஆனால் பைனாகுலரை மட்டும் வாங்கினால் பாதிக் கிரகணம்தான் பார்ப்பீர்கள். மீதிப் பாதி, எதில் சாய்ந்துகொண்டு பார்க்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. இந்த விமர்சனம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரப்போகிறது, அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்த முழு சந்திர கிரகணத்துக்காகத்தான் வாங்கினேன். எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது. எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள், அதைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். இந்த ரகத்தில் ஒலிம்பஸ், நிக்கான், செலஸ்ட்ரான் என்று பெயர் எடுத்த கம்பெனிகளின் மாடல்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான்: நடுவில் வளைந்த தோள் வைத்த பழைய பாணி, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை, நடுவில் ஃபோகஸ் சக்கரம். நான் சொல்வதில் பெரும்பகுதி இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் அந்த எண்களைப் பேசிவிடலாம், கடைக்காரர்களே இதில் குழப்புகிறார்கள். 10 என்றால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், 50 என்றால் முன்பக்க லென்ஸின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஐம்பதைப் பத்தால் வகுத்தால் 5 வருகிறது இல்லையா, அதுதான் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம், மில்லிமீட்டரில். இருட்டில் நம் கண்மணி விரிவதும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான், வயது ஏற ஏற இன்னும் கொஞ்சம் குறையும். அதனால் லென்ஸ் வாங்கித் தரும் வெளிச்சம் பெரும்பாலும் வீணாகாமல் கண்ணுக்குள் போய்ச் சேர்கிறது. இது ஏன் முக்கியம் என்றால், முழு கிரகணத்தின்போது நிலாவின் பிரகாசம் ஆயிரக்கணக்கான மடங்கு இறங்கிவிடுகிறது. சாதாரணப் பௌர்ணமிக்கு எந்த டப்பா பைனாகுலரும் போதும், சொல்லப்போனால் கண் கூசும். கிரகணம் முழுதாகப் பிடித்த பிறகுதான் நல்ல லென்ஸுக்கும் மோசமான லென்ஸுக்கும் வித்தியாசம் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். திருவிழாக் கடைகளிலும் ஆன்லைனிலும் ஆயிரம் ரூபாய்க்கு, முன்பக்க லென்ஸ் ரத்தச் சிவப்பில் பளபளக்கும் பைனாகுலர்கள் கிடைக்கும். பார்க்க மிரட்டலாக இருக்கும், பெட்டியில் ‘இரவிலும் தெரியும்’ என்று வேறு போட்டிருக்கும். அந்தச் சிவப்புப் பூச்சு, பெயருக்கேற்றபடி, சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால்தான் நமக்கு லென்ஸ் சிவப்பாகத் தெரிகிறது. உள்ளே போகும் காட்சியில் சிவப்பு குறைந்து லேசாகப் பச்சையோடிப்போகும். வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு செந்நிலாவைப் பார்க்கப் போகிறோம், அதில் சிவப்பை மட்டும் வடிகட்டிவிடும் கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்குவானேன்? லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் பச்சையோ ஊதாவோ மெல்லிசாக அடிக்க வேண்டும். அதுதான் ஒழுங்கான பல அடுக்குப் பூச்சு.

‘10-30×50’, ‘20-180×100’ என்று ஜூம் போட்டு வருபவை பக்கமும் போகாதீர்கள். கையில் பிடித்துப் பார்ப்பதற்குப் பத்து மடங்குதான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் நிலா இருக்காது, நம் நாடித்துடிப்புதான் இருக்கும்.

எனக்கு முதலில் வந்த பீஸில் கோளாறு. இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. பகலில் தெருமுனை தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபோது ஏதோ கண் இழுக்கிறது என்று மட்டும் தோன்றியது, ராத்திரி நிலாவைப் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறின இரண்டு நிலா. மூளை ஓரளவுக்குச் சமாளித்துச் சேர்த்துவிடும், பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். விற்றவரிடம் சொன்னால் ‘உங்க கண்ணு பவரா இருக்கும் சார்’ என்றார். மாற்றிக் கொடுத்தார், கொடுக்கும்வரை நானும் விடவில்லை என்பது வேறு கதை. ஆகவே வாங்கின அன்று ராத்திரியே ஏதாவது ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பாருங்கள். அது இரண்டாகத் தெரிந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள், திருப்பி அனுப்பத் தேவைப்படும். இன்னொரு சோதனையும் உண்டு. பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி வையுங்கள். கண் வைக்கும் லென்ஸ் நடுவில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருப்பது நல்ல பட்டகம் (பிரிசம்), பேக்-4 என்று பெட்டியில் போட்டிருக்கும். ஓரங்கள் வெட்டுப்பட்டு ஏறக்குறையச் சதுரமாகத் தெரிந்தால் மலிவான பிகே-7. கிரகணத்துக்கு அதுவும் ஓடும், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். இடம் திருச்சி, எங்கள் வீட்டு மொட்டை மாடி. பூமியின் அடர்ந்த நிழலான கருநிழல் நிலாவைத் தொடும் நேரம் 9:57, முழுதாகப் பிடிப்பது 11:01, மையம் 11:41 வாக்கில், விட ஆரம்பிப்பது 12:23, கடைசி நிழலும் விலகுவது 1:26. அதாவது முழு கிரகணம் மட்டும் 82 நிமிடம். மறுநாள் திங்கட்கிழமை, ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் உண்டு. வீட்டில் எட்டரைக்கே சாப்பாடு முடிந்து, மிச்சம் இருந்த மாவிலும் தயிரிலும் தர்ப்பை போட்டாயிற்று. கூடத்தில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவைத்தார் அம்மா. கிரகணம் பிடித்திருக்கும் வரைக்கும் அது தானாக நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்பது நம்பிக்கை. பூண் போட்டு அடி தட்டையாக இருக்கிற உலக்கை என்றைக்கு நிறுத்தினாலும் நிற்கும், என் பையன் அடுத்த வாரமே நிறுத்திக் காட்டினான். ‘அது பழகிப்போச்சுடா அதுக்கு’ என்று அம்மா சொன்னதற்கு அவனிடம் பதில் இல்லை.

ஒன்பது மணிக்கே புறநிழல், அதாவது கருநிழலைச் சுற்றியிருக்கும் மங்கலான நிழல், தொட்டுவிட்டது, பஞ்சாங்கத்துக்கு அது கணக்கில்லை, கண்ணுக்கும் கணக்கில்லை. ஒன்பதே முக்காலுக்கு மேல்தான் நிலாவின் கீழ் இடப்பக்கம் ஏதோ கறை படிந்தது தெரிய ஆரம்பித்தது. வெறும் கண்ணில் அது மேகமா நிழலா என்று சந்தேகம் வரும், பைனாகுலரில் சந்தேகமே இல்லை. பத்து மணிக்குக் கடி விழுந்துவிட்டது. நான் எதிர்பார்த்தது ஒரு கூர்மையான கோடு. அப்படி இருக்காது. நிழலின் விளிம்பு மெத்தென்று, புகை பட்ட கண்ணாடியில் விரலால் இழுத்துவிட்டதுபோலக் கலங்கலாகத்தான் இருக்கும், பூமிக்குக் காற்று மண்டலம் என்று ஒன்று இருப்பதால். ஆனால் அந்த விளிம்பு வளைந்திருப்பது நன்றாகத் தெரிகிறது. அந்த வளைவை நீட்டி முழு வட்டமாக மனதில் வரைந்து பார்த்தால் அது நிலாவைவிடப் பெரிய வட்டம், ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு மேல். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சாட்சிகளில் ஒன்று இதே விளிம்புதான், அவருக்கு பைனாகுலர் தேவைப்படவில்லை.

பத்து மடங்கு பெருக்கத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பைனாகுலர் காட்டும் வானத்தின் அகலம் ஆறரை டிகிரி, நிலாவின் அகலம் அரை டிகிரி. வட்டத்தின் குறுக்கே பதின்மூன்று நிலாவை வரிசையாக அடுக்கலாம். அதனால் நிலா கண்ணை அடைத்துக்கொண்டு நிற்கும் என்ற கற்பனையோடு வாங்காதீர்கள், விளம்பரப் படங்கள் பொய். நடுவில் சின்னதாக, ரொம்பத் தெளிவாக நிற்கும். நிலாவின் டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கீற்றுகள், கிரிமால்டி என்ற பள்ளத்தின் கருந்திட்டு, அரிஸ்டார்க்கஸ் என்கிற பளிச்சென்ற புள்ளி, ஓரத்தில் தனியாகக் கிடக்கும் கிரிசியம் கடல் என்கிற கரும் சமவெளி, இவையெல்லாம் சுலபம். நிழல் முதலில் கிரிமால்டி பக்கம்தான் ஏறியது, கிரிசியத்துக்குக் கடைசியில்தான் வந்தது. ஒவ்வொன்றையும் நிழல் எப்போது விழுங்குகிறது என்று நேரம் குறித்துக்கொண்டே பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு, பையனிடம் நோட்டைக் கொடுத்துவிட்டேன். அரிஸ்டார்க்கஸ் மட்டும் நிழலுக்குள் போன பிறகும் மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. பள்ளங்களின் ஆழம், மலைகளின் நிழல் இதெல்லாம் பௌர்ணமியில் கிடைக்காது, சூரியன் நேருக்கு நேர் அடிப்பதால் நிலா தட்டையாகத்தான் இருக்கும். அதற்கு வளர்பிறை ஏழாம், எட்டாம் நாள்தான் சரி.

பத்தரைக்கு மேகம் வந்தது. செப்டம்பரில் சாயங்காலமானால் மழை கொட்டுவது திருச்சிக்குப் புதிதல்ல, நான் பாதி எதிர்பார்த்ததுதான். அந்த நேரத்தில் போனில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் நேரலையைப் போட்டுவிட்டேன். பெங்களூர், லடாக், தமிழ்நாடு என்று மூன்று இடங்களில் இருந்த தங்கள் தொலைநோக்கிகளை நிலாப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நேரலையில் நிலா பெரிதாக, அசங்காமல், நம் மாடியில் தெரிந்ததைவிட விவரமாகத் தெரிகிறது. ஆனால் நிறம் நம் கண்ணில் தெரிவது அல்ல. கேமரா எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஒரு நேரம் ஆரஞ்சாகவும் ஒரு நேரம் கருஞ்சிவப்பாகவும் மாறிக்கொண்டே இருக்கும். மேகத்துக்கு மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம், மேகம் விலகினதும் போனைக் கவிழ்த்துவிடுங்கள். இருட்டுக்குப் பழகின கண்ணை அந்தத் திரை ஒரு நொடியில் கெடுத்துவிடும், திரும்பப் பழக இருபது நிமிடமாவது ஆகும்.

பதினொன்று அடிக்கும் முன் மேகம் கலைந்தது. இந்தப் பைனாகுலருக்குக் கொடுத்த காசு முழுக்க அடுத்த பத்து நிமிடத்தில் வசூலாகிவிட்டது. கடைசி வெள்ளைக் கீற்று ஒடுங்கிக்கொண்டிருக்கும்போது, வெளிச்சமும் சிவப்பும் சேருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு நீலப்பட்டை. வெறும் கண்ணில் எனக்குத் தெரியவே இல்லை, பைனாகுலரை எடுத்தால் தெரிகிறது, வைத்தால் போய்விடுகிறது. பூமியின் மேல்மட்டக் காற்றில் இருக்கும் ஓசோன் வழியாக வரும் வெளிச்சம் அது. ஓசோன் சிவப்பைத் தின்றுவிட்டு நீலத்தை விடுகிறது. அதற்குக் கீழே அடர்ந்த காற்றின் வழியாக வளைந்து வரும் வெளிச்சத்தில் நீலம் எல்லாம் சிதறிப்போய் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. ஆக நிலாவில் அந்த நேரம் விழுந்துகொண்டிருப்பது, பூமியைச் சுற்றி அப்போது நடந்துகொண்டிருக்கிற அத்தனை விடியலும் அந்தியும் சேர்ந்த வெளிச்சம். இந்த நீலப்பட்டைக்காகவே கிரகணம் பிடித்து முடியும் நேரத்துக்கும் விட ஆரம்பிக்கும் நேரத்துக்கும் முன்பின் ஐந்து நிமிடம் யாரிடமும் பைனாகுலரைக் கொடுக்காதீர்கள். குழந்தை கேட்டால் மட்டும் கொடுங்கள்.

முழுதாகப் பிடித்ததும் இன்னொன்று நடக்கிறது. நிலா தட்டு என்பது போய் உருண்டை ஆகிவிடுகிறது. இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் வரும் மாயைதான், அவ்வளவு தூரத்தில் இருப்பதை நம் கண்கள் ஆழம் பிரித்துப் பார்க்க முடியாது. தெரிந்தாலும் மாயை போகவில்லை. அதுவரை பௌர்ணமி வெளிச்சத்தில் அமுங்கிக் கிடந்த கும்ப ராசி நட்சத்திரங்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்க, அவற்றுக்கு முன்னால் நிலா தொங்கியது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கியில் இது வராது.

நிறத்தை அளக்க டான்ஜான் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, ஆந்த்ரே டான்ஜான் என்ற பிரெஞ்சு வானியலாளர் உண்டாக்கியது. நிலா கண்ணுக்கே தெரியாத அளவு இருண்டால் 0, பளிச்சென்ற செம்பு நிறமாக இருந்தால் 4. எங்கள் மாடியில் நான் 2 என்று போட்டேன், பையன் 3 என்றான். செங்கல் நிறத்தில் கொஞ்சம் பழுப்பு, கீழ் ஓரம் வெளிச்சமாக, மேல் ஓரம் நன்றாக மங்கி. நிழலின் நடுவுக்குத் தெற்கே ஒதுங்கி நிலா போனதால் அந்தத் தெற்கு ஓரம் நிழலின் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தது, அதான் வித்தியாசம். கிழக்கே கொஞ்சம் தள்ளி மஞ்சளாக நின்றது சனி. வளையம் தெரிகிறதா என்று எல்லாரும் கேட்டார்கள், தெரியாது. பத்து மடங்கில் அது ஒரு புள்ளிதான், அதுவும் அந்த வருடம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றதால் பெரிய தொலைநோக்கிக்கே ஊசியாகத்தான் தெரியும்.

இனி குறைக்கு வருகிறேன், இது பெரிய குறை. நள்ளிரவில் நிலா எழுபது டிகிரிக்கு மேலே, ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கிரகணம் பார்ப்பவர்களுக்கு இது அடிக்கடி உள்ள வம்பு, ஐரோப்பாவில் எழுதப்படும் அறிவுரைகளில் இது இருக்காது. ஒரு கிலோ எடையைக் கழுத்தை அண்ணாந்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தால் முப்பது நொடி. அதற்குள் கை நடுங்கும், நிலா துள்ளும், கழுத்து ‘என்னை விட்டுவிடு’ என்று சொல்லும். பைனாகுலரின் முன்பக்கம் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியைத் திருகி எடுத்தால் மரை இருக்கும், அதில் எல் வடிவக் கிளிப் ஒன்றை மாட்டி கேமரா ஸ்டாண்டில் ஏற்றலாம். கிளிப் சில நூறு ரூபாய்தான். நானும் வாங்கி வைத்திருந்தேன். பத்து மணிவரை அருமையாக வேலை செய்தது, நிலா மேலே ஏற ஏற ஸ்டாண்டின் கைப்பிடி இடிக்கிறது, தலையை ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவே நுழைக்க வேண்டியிருக்கிறது. யோகா தெரிந்தவர்களுக்கு ஓகே.

தீர்வு பரணில் கிடந்தது: தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி, கான்வாஸ் துணி போட்டது, நீளமான மரக் கைகளோடு. அந்தக் கைகளில் முழங்கையை ஊன்றி, பைனாகுலரை நெற்றியிலும் புருவத்திலும் லேசாக அழுத்திக்கொண்டால் நிலா அப்படியே நின்றுவிட்டது. இரண்டாம் இடம் பாய்க்கு. பாயில் மல்லாந்து படுத்து, தலைக்கு இரண்டு தலையணை. குழந்தைகளுக்கு இதுவே நாற்காலியைவிட வசதி. பிளாஸ்டிக் நாற்காலி கடைசி. எட்டாயிரம் ரூபாய்க் கண்ணாடியும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பக்கம், ஐயாயிரம் ரூபாய்க் கண்ணாடியும் சாய்வு நாற்காலியும் ஒரு பக்கம் என்று வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

பக்கத்து வீட்டு மாமா தன் பேரனுக்கு வாங்கின தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்திருந்தார். எழுபது மில்லிமீட்டர் லென்ஸ், பெட்டியில் நூற்றைம்பது மடங்கு என்று போட்டிருந்தது. அவர் அதையே மாட்டினார். நிலாவைப் பிடிக்கவே ஐந்து நிமிடம், பிடித்தால் ஸ்டாண்ட் ஆடுகிறது, ஆட்டம் அடங்குவதற்குள் பூமி சுற்றி நிலா வெளியே போய்விட்டது. குறைந்த பெருக்கமுள்ள லென்ஸைப் போடச் சொன்னேன். முப்பது மடங்குக்குக் குறைவாக வைத்ததும் அழகாக வந்தது, அதை மறுக்கவே முடியாது, பைனாகுலரில் கிடைக்காத விவரம். ஆனால் இடம் வலமாக மாறித் தெரிந்தது, ஓரிரு நிமிடத்துக்கொரு தரம் சரி செய்ய வேண்டும், எட்டுப் பேர் வரிசையில் நிற்க ஒவ்வொருவருக்கும் பத்து நொடி. நீலப்பட்டை வந்த நேரத்தில் மாமா ஸ்டாண்ட் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கிரகணத்துக்கு மட்டும் என்றால் தொலைநோக்கி வேண்டாம். சனி, வியாழன் பார்க்க ஆசை இருந்தால் அது தனிக் கதை, தனி பட்ஜெட்.

போன் கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைனாகுலரின் கண் லென்ஸில் போனை வைத்துப் படம் எடுக்கலாம், ஸ்டாண்டில் இருந்தால் மட்டும். பகுதி கிரகணத்தின்போது வெளிச்சப் பகுதிக்காக கேமராவின் எக்ஸ்போஷரைக் குறைத்தால் சிவப்புப் பகுதி கறுத்துப்போகும், சிவப்புக்கு ஏற்றினால் வெளிச்சம் பொங்கிவிடும், இரண்டையும் ஒரே படத்தில் நம் கண் மட்டும்தான் பிடிக்கிறது. சில போன்கள் நிலாவைக் கண்டதும் தாங்களாகவே மெருகேற்றிக் கொடுக்கின்றன, வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு நல்லது.

கண்ணாடி போட்டவர்கள் கவனிக்க: கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை மடித்துவிடுங்கள், இல்லையென்றால் வட்டத்தின் ஓரங்கள் தெரியாது. வெறும் கிட்டப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்திலேயே சரி செய்துகொள்ளலாம். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு என்றால், முதலில் வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், அப்புறம் இடது கண்ணை மூடி வலது குழாயில் இருக்கும் வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாமலேயே ‘மங்கலா இருக்கு’ என்று ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஆன்லைனில் ஏராளம். ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்கு எடுத்துப் போனால் லென்ஸில் ஆவி படியும், துடைக்காமல் கால்மணி நேரம் விடுங்கள், தானாகப் போய்விடும். கொசுவுக்கு ஓடோமாஸ் தடவிய கையோடு லென்ஸைத் தொடாதீர்கள்.

சூரிய கிரகணத்துக்கு வாங்கின கறுப்பு ஃபில்ட்டர் கண்ணாடி இதற்குத் தேவையில்லை, போட்டால் ஒன்றுமே தெரியாது. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணாலும் பைனாகுலராலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், நிலாவின் வெளிச்சம் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. ‘கதிர்வீச்சு வரும், போனை அணைத்துவிடுங்கள்’ என்ற செய்தி அன்றைக்கும் எங்கள் குடும்பக் குழுவில் வந்தது, போன் வழியாகவே வந்தது. சதயம், பூரட்டாதி நட்சத்திரக்காரர்கள் செய்ய வேண்டிய பரிகாரமும் கூடவே வந்தது.

12:23க்கு விட ஆரம்பித்தது. முதலில் இருட்டின இடப்பக்கமே முதலில் வெளிச்சமானதைப் பார்த்து மாமா ‘ஏன் வந்த வழியா போகல?’ என்றார். நிழல் நிலா மேல் ஊர்ந்து போகிறது என்று நினைத்தால் குழப்பம்தான் வரும். நிழல்தான் இருக்கிறது, நிலா அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது, முன்னால் நுழைந்த ஓரம் முன்னால் வெளியே வருகிறது. அம்மா ஒன்றரைக்கு, எல்லாம் முடிந்து, தலைக்குக் குளித்துவிட்டு மேலே வந்தார். ‘என்னமோ பார்த்தீங்களே, காட்டு’ என்றார். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் கொடுத்தேன். சாதாரணப் பௌர்ணமி நிலா. ‘கண்ணு கூசுதே’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2026 மார்ச் 3 சாயங்காலம் வந்ததையும் இதே பைனாகுலரில் பார்த்தேன். இங்கே நிலா உதிக்கும்போதே முழு கிரகணம் முடிந்திருந்தது, ஆறே காலுக்கு மேல் உதித்து 6:47க்கு எல்லாமே முடிந்துவிட்டது. கிழக்கே திறந்த அடிவானம் இல்லாதவர்களுக்கு அது கிடைத்தே இருக்காது. நிலா தாழ்வாக இருந்ததால் கேமரா ஸ்டாண்டும் எல் கிளிப்பும் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டன. அந்தி வெளிச்சம் அடங்காத வானில், கொஞ்சம் கடிபட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு அது கடியா தூசியா என்றே தெரியாது, பைனாகுலர் இல்லாவிட்டால் தவறவிட்டிருப்பேன்.

அடுத்து நம் ஊரில் பார்க்கும்படி இருப்பது 2028 ஜூலை 6 நள்ளிரவில் ஒரு பகுதி கிரகணம், அதில் நிலாவின் விட்டத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் மறையும். முழு கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு, எட்டரைக்கு மேல் தொடங்கி பத்தேகால் தாண்டி மையம், புத்தாண்டு பிறக்கிற நேரத்தில் முடியும். மாடியில் பார்ட்டி வைப்பவர்கள் விளக்கைக் கொஞ்சம் அணைத்து வைத்தால் புண்ணியம். அன்றைக்கும் நிலா உச்சிக்குத்தான் போகும், சாய்வு நாற்காலி சொல்லிவைத்துவிடுங்கள்.

அதுவரை பீரோவில் வைத்துப் பூட்டுவதாக இருந்தால் வாங்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் வெள்ளை வலையாக உள்ளே படர்ந்துவிடும், சுத்தம் செய்யக் கேட்கிற கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம். கூடவே வரும் துணிப்பையில் வைக்காமல், இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள், பொட்டலம் மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் காயட்டும். காயவைக்கும் அன்றைக்கு ராத்திரி பைனாகுலரையும் வெளியே எடுங்கள். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் வெறும் கண்ணில் ஆறேழு தெரியும், இதில் எண்ண முடியாது. வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நான்கு நிலவுகள், முழங்கை ஊன்றியிருந்தால் தெரியும். மார்கழியில் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே ஒரு மங்கலான வெள்ளைத் திட்டு.

என் மதிப்பெண்: பைனாகுலருக்கு ஐந்துக்கு நாலு. வெட்டின ஒன்று எடைக்கும், பெட்டியில் ஒரு எல் கிளிப்கூட வைக்காத கஞ்சத்தனத்துக்கும். சாய்வு நாற்காலிக்கு ஐந்துக்கு ஐந்து, கான்வாஸ் மட்டும் மாற்ற வேண்டும்.